ஐம்பத்தைந்தாம் நம்பர் வியாதி

எர்ணாவூர் பக்கம் இருக்கும் வடகடல் தொழிலாளர் நல மருத்துவமனையில் லிஃப்ட் ஓடாது. எக்ஸ்ரே எடுக்கப் போனால் ஃபிலிம் இல்லை என்பார்கள். குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். ஆனால் அங்கே ஒரு குறியீட்டுத் துறை உண்டு. குளிரூட்டிய அறை, கண்ணாடிக் கதவு, கதவுக்கு வெளியே 'செருப்பைக் கழற்றவும்' என்று பலகை. ஆபரேஷன் தியேட்டர் வாசலிலும் அதே பலகை தொங்குகிறது; அங்கே யாரும் கழற்றுவதில்லை.

உலகத்தில் உள்ள எல்லா வியாதிக்கும் ஓர் எண் இருக்கிறது, அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் நோயாளிக்கு வைத்தியம் தொடங்க வேண்டும் என்று இரண்டாயிரத்து மூன்றில் டில்லியில் இருந்து ஓர் உத்தரவு வந்தது. எண்களோடு எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. பஸ்ஸுக்கும்தான் நம்பர் போடுகிறார்கள். ஆனால் அங்கே நம்பர் போட்ட பிறகு பஸ் என்று ஒன்று வருகிறது. இங்கே நம்பரோடு காரியம் முடிந்துவிடுகிறது, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்த வருடம் மழைக்குக் கொஞ்சம் முன்னால், வியாசர்பாடியில் குடியிருக்கும் செங்கொடி தன் புருஷன் பக்தவச்சலத்தை ஆட்டோவில் போட்டு அந்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்தாள். பக்தவச்சலத்துக்குத் திருவொற்றியூரில் ஓர் இரும்புக் குழாய் கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை. முகம் உப்பியிருந்தது. காலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மூச்சு வாங்கியது. மூத்திரம் போய் நாளாகிவிட்டது என்பதை வெட்கப்பட்டுக்கொண்டு மனைவியின் காதில் சொன்னார். அவள் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொன்னாள்.

டியூட்டியில் இருந்தது இளம் டாக்டர். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "இவர் வலி மாத்திரை நிறைய சாப்பிடுவாரா?" என்று கேட்டார்.

"தெனம் ஒரு செட்டு போடுவாரு சார்," என்றாள் செங்கொடி.

செட்டு என்றால் என்ன என்று வடசென்னையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியாருக்காகச் சொல்கிறேன். கம்பெனி வாசலில் காஜா மொய்தீன் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். "பாய், முதுகுக்கு ஒரு செட்டு" என்றால், நாலு அட்டையில் இருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்து, நியூஸ்பேப்பர் துண்டில் மடித்துத் தருவார். ஒன்று வலிக்கு. ஒன்று, வலி மாத்திரை கிளப்புகிற வயிற்றெரிச்சலுக்கு. மஞ்சளாக இருப்பது சத்துக்கு. பொடிசாக இருக்கும் நாலாவது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அதைப் போட்டால் பசி எடுக்கும், உடம்பு தேறினாற்போல் இருக்கும், அது போதும். லோடு அதிகமுள்ள நாளில் மேஸ்திரியே டீயோடு சேர்த்து ஆளுக்கொரு செட்டும் சொல்லிவிடுவார். நல்ல மேஸ்திரி என்று பெயர் எடுத்திருந்தார்.

"ரெண்டு கிட்னியும் போச்சும்மா," என்றார் இளம் டாக்டர். "உடனே டயாலிசிஸ் பண்ணணும். ரத்தத்தை மிஷின்ல விட்டுச் சுத்தம் பண்றது. பண்ணினா பொழைப்பார். மிஷின் மாடியிலேயே இருக்கு. நம்பர் வாங்கிட்டு வந்துடுங்க."

"இன்னா நம்பரு சார்?"

"வியாதி நம்பர்."

"கிட்னின்னு நீங்கோதான சொன்னீங்கோ?"

"அது விளைவு. விளைவுக்கு நம்பர் போடக்கூடாதுன்னு சர்க்குலர். காரணத்துக்குத்தான் போடணும். குறியீட்டுத் துறையில கேளுங்க."

செங்கொடி படியேறிப் போய்ச் செருப்பைக் கழற்றினாள்.

குறியீட்டுத் துறையின் தலைவரைக் குறியீட்டு டாக்டர் என்றே எல்லோரும் சொல்வார்கள். அவர் நோயாளியைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. மேசைமேல் தலையணை கனத்தில் ஒரு புத்தகம், அதற்கு வெல்வெட் உறை. செங்கொடி சொன்னதைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். புத்தகத்தைப் புரட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, புருஷன் பிழைத்துவிட்டான் என்று செங்கொடி நினைத்துக்கொண்டாள்.

"எஃப் ஐம்பத்தைந்து!" என்றார். "அடிமைப்படுத்தாத பொருட்களைத் தவறாகப் பயன்படுத்துதல். இந்த மருத்துவமனை திறந்த நாளில் இருந்து ஒரு ஐம்பத்தைந்துகூட வந்ததில்லை. பக்கத்து ஜில்லாவில் இரண்டு காட்டிவிட்டார்கள். நாங்கள் தலைகுனிந்து நின்றோம். நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் இத்தனை நாள்?"

"வேலைக்குப் பூட்டாரு சார்," என்றாள் அவள்.

அவர் அடையாளங்களைப் படித்துக் காட்டினார். தேவையில்லாமல் தொடர்ந்து மருந்தை உட்கொள்வது. மருத்துவர்களையும் ஊழியர்களையும் தேவையில்லாமல் அடிக்கடி சந்திப்பது. நிறுத்தச் சொன்னால் எதிர்ப்பது. ஒவ்வொன்றுக்கும் அவள் தலையாட்டினாள். தலையாட்டினால் சீக்கிரம் முடியும் என்று எண்ணினாள். அரசாங்க அலுவலகங்களில் நாம் எல்லோரும் செய்கிற தவறுதான் அது.

"ஆனால் ஒரு சிக்கல்," என்றார் அவர். "ஐம்பத்தைந்துக்குப் பிறகு ஒரு புள்ளி வரும். புள்ளிக்குப் பிறகு இன்னொரு எண். வலி மருந்து என்றால் ஒரு எண். வயிற்றெரிச்சல் மருந்துக்கு வேறு. சத்து மாத்திரைக்கு வேறு. உங்கள் கணவர் எதைத் தவறாகப் பயன்படுத்தினார்?"

"எல்லாம் ஒண்ணாத்தான் சார் முழுங்குவாரு. செட்டாச்சே."

"செட்டுக்கு எண் இல்லையே அம்மா." அவர் புத்தகத்தின் மேல் கை வைத்தார். "ஜெனீவாவில் உட்கார்ந்து உலகத்துக்கே எழுதியவர்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று எப்படி இருக்க முடியும்? போய் ஒரு மாதிரி வாங்கி வாருங்கள்."

செங்கொடி பஸ் பிடித்துத் திருவொற்றியூர் போய் காஜா மொய்தீன் கடை முன் நின்றாள். விஷயத்தைக் கேட்ட பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லா. நம்ம பக்தாவா? கிட்னியா?" என்றார். "நான் இன்னாம்மா பண்ணுவேன். டாக்டராண்ட போப்பான்னா, ஒரு நாள் கூலி பூடும் பாய்ன்றாங்க. குட்த்துத் தொலைச்சிட்டேன்." நாலு மாத்திரையைக் கத்தரித்து மடித்தார். காசு வாங்கவில்லை. அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

குறியீட்டு டாக்டர் அந்த நாலையும் ஒரு வெள்ளைத் துணிமேல் பரப்பச் சொன்னார். உதவியாளர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். மூன்றை அடையாளம் கண்டுவிட்டார்கள். நாலாவதின் பெயர், கத்தரித்த அட்டையின் மறுபாதியில் போயிருந்தது. அது யாருடைய முதுகுக்குப் போயிற்றோ, தெரியாது. குறிப்பிடப்படாதது என்று போட்டுக்கொள்ளலாமே என்று ஓர் உதவியாளர் இழுத்தார்.

"குறிப்பிடப்படாதது என்று போட்டால் டில்லியில் என்னைக் குறிப்பிடுவார்கள்," என்று குறியீட்டு டாக்டர் சீறினார். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் ஆள் இல்லை. ஆள் வரும்வரை நோயாளியை மனநல வார்டில் வைக்கும்படி எழுதினார்.

"மனநலமா? அவருக்குப் பைத்தியம்லாம் இல்ல சார்!" என்றாள் செங்கொடி.

"எஃப் என்ற எழுத்தில் தொடங்கினால் மனநலம். அகர வரிசையில் நான் தலையிட முடியாது."

மனநல வார்டில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். மென்மையான குரல். பக்தவச்சலத்தின் கட்டில் அருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இப்போது அந்த மாத்திரை கிடைத்தால் சாப்பிடுவீர்களா என்று கேட்டார்.

"குட்த்தா போட்டுக்குவேன் தாயி," என்றார் பக்தவச்சலம், மூச்சை இழுத்து இழுத்து. "முதுகு இஸ்துகினு கீது. மல்லாக்கப் பட்க்க முடியல."

"மாத்திரை இல்லாம உங்களால இருக்க முடியலை. ஆனா அந்த மாத்திரை யாரையும் அடிமையாக்காது. அதனால நீங்க அடிமை இல்லை."

"சரி தாயி."

"அடிமை இல்லைன்னா விட்டிருக்கணும் இல்லையா? ஏன் விடலை?"

"வலிச்சிகினே இருந்திச்சி. குனிஞ்சாத்தான பைப்ப தூக்க முடியும்."

"வலிங்கறது வேற டிபார்ட்மென்ட்," என்றார் லேடி டாக்டர் வருத்தத்துடன். குடிநோயாளிகளுக்கு நடக்கிற கூட்டுப் பேச்சில் அவரையும் உட்கார வைக்கச் சொன்னார். சேர்ந்து பேசினால் மனம் இளகுமாம்.

மறுநாள் காலை பக்தவச்சலத்தைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் அந்த வட்டத்தில் விட்டார்கள். செங்கொடி பின்னால் நின்றாள். ஒவ்வொருவராக எழுந்து தாங்கள் குடித்த கதையைச் சொன்னார்கள். கப்பல் சரக்கைத் திருடிக் குடித்தவர் ஒருவர், பெண்ஜாதியின் தாலியை விற்றுக் குடித்தவர் ஒருவர். பக்தவச்சலத்தின் முறை வந்தது.

"நீ இன்னா சரக்கு நைனா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"மாத்திர."

"நல்லா ஏறுமா?"

"ஏறாது. முதுகு நிமிரும். வேல செய்லாம்."

"அட பாவமே," என்றார் தாலியை விற்றவர். "ஒரு கிக்கும் இல்லாமயா மாமு இந்த கதிக்கு வந்துகீற? நாங்களாவது கொஞ்ச நாளு ஜாலியா இருந்தோம்." தனக்குக் கொடுத்த ரொட்டியை எடுத்துப் பக்தவச்சலத்தின் மடியில் வைத்தார். பக்தவச்சலத்துக்கு அதைப் பார்த்ததும் குமட்டியது. அந்த மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்த ஒரே மரியாதையை அவரால் சாப்பிட முடியவில்லை.

அவர் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனார். கண் இமைகள் உப்பிப் பாதிதான் திறந்தன. வாயில் ஒரு கெட்ட வாடை. விக்கல் ஓயவில்லை. செங்கொடி தினமும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி, "நம்பரு வந்திச்சா சார்?" என்று கேட்டாள். தினமும் குறியீட்டு டாக்டர் அவளைப் பார்த்துப் புன்னகைத்து எதையோ எழுதிக்கொண்டார். தனக்காகத்தான் எழுதுகிறார் என்று அவள் நம்பினாள்.

வார்டு நர்ஸ் ஜீனத் ஒரு மத்தியானம் அவளைப் படிக்கட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனாள்.

"யக்கா, நீ சும்மா சும்மா மேல போவாத."

"ஏம்மா? கேட்டாத்தான குடுப்பாங்கோ."

"ஊழியர்களைத் தேவையில்லாம அடிக்கடி சந்திக்கிறது. அதுதான் அந்த வியாதிக்கு ரெண்டாவது அடையாளம். நீ போற ஒவ்வொரு வாட்டியும் குறிச்சிக்கினு கீறாங்க. உன் வூட்டுக்காரருக்கு வியாதி முத்திக்கினே போவுதுன்னு அர்த்தம்."

"போறது நான்தானம்மா? அவரு கட்டில்ல கெடக்குறாரு."

"நோயாளி தரப்புன்னு போட்டுகீது. நீயும் தரப்புதான்."

செங்கொடி அன்று மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தாள். போனால் வியாதி முற்றும். போகாவிட்டால் ஃபைல் தூங்கும். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் கண்ணாடிக் கதவைக் கல்லால் அடித்திருப்பேன். அவளுக்கு அந்த வசதி இல்லை. மிஷின் அந்தக் கட்டிடத்துக்குள்தான் இருந்தது. டயாலிசிஸ் அறையின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மிஷின்மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து உதிராமல் இருந்தது. ஒரு கதவு, ஒரு உறை, இவ்வளவுதான் நடுவில். அவள் வாய்விட்டு அழுதாள்.

அழுகைச் சத்தம் கேட்டு இளம் டாக்டர் வந்தார். பார்த்துக்கொண்டிருக்க அவராலும் முடியவில்லை. குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். தெரியாமல் விழுங்கிவிட்டார் என்றால் அது விபத்து. விபத்துக்கு வேறு எழுத்து, வேறு எண். உடனே கிடைக்கும், மிஷினும் திறக்கும். ஆனால் ஒரே தடவைதான் சாப்பிட்டேன், தவறுதலாகச் சாப்பிட்டேன் என்று நோயாளி வாயால், எண்ணை முடிவு செய்கிற குழு முன்னால் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே சாப்பிட்டேன் என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது. அது தற்கொலை முயற்சி, போலீஸ் வந்துவிடும்.

செங்கொடி ராத்திரி பகலாகப் புருஷனுக்குப் பாடம் சொன்னாள். "ஒரே வாட்டி. தெரியாம. அவ்ளோதான் சொல்லணும், சரியா? வேற எதுனா பேசாத."

"பொய்தான அது?"

"ஆமாய்யா, பொய்தான். எனக்காவ ஒரே ஒரு பொய் சொல்லுய்யா. உன் கால்ல வுயறேன்."

பக்தவச்சலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் வீங்கி, மடங்க மறுத்தன.

குழு கூடியது. குறியீட்டு டாக்டர் நடுவில், லேடி டாக்டர் ஒரு பக்கம், கணக்குப் பிரிவு அதிகாரி மறுபக்கம். அந்த அதிகாரி எதற்கு என்று யாருக்கும் தெரியாது. குழு என்றால் மூவர் வேண்டும். பக்தவச்சலத்தைச் சக்கர நாற்காலியில் நடுவில் நிறுத்தினார்கள்.

"மாத்திரையை எத்தனை முறை சாப்பிட்டீர்கள்?"

"ஒரே வாட்டி சார்."

செங்கொடி மூச்சை விட்டாள். இளம் டாக்டர் கதவோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரிந்து சாப்பிட்டீர்களா, தெரியாமலா?"

"தெரியாமத்தான் சார். தப்பா துன்னுட்டேன்."

குறியீட்டு டாக்டருக்கு ஏமாற்றம்தான். கைக்கு வந்த ஐம்பத்தைந்து நழுவுகிறது. ஆனாலும் அவர் நேர்மையானவர், படிவத்தில் உள்ளபடி அடுத்த கேள்வியைக் கேட்டார். "தவறுதலாக என்றால், எது என்று நினைத்து அதைச் சாப்பிட்டீர்கள்?"

இந்தக் கேள்விக்குச் செங்கொடி பாடம் சொல்லித் தரவில்லை. பக்தவச்சலம் மனைவியைப் பார்த்தார். பிறகு குழுவைப் பார்த்தார். விக்கலுக்கு நடுவே, தன்னிடம் இருந்த உண்மையைச் சொன்னார்.

"மருந்துன்னு நெனச்சிட்டேன் சார்."

கணக்குப் பிரிவு அதிகாரி முதல் முறையாகத் தலையைத் தூக்கினார். லேடி டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். குறியீட்டு டாக்டர் புத்தகத்தை வெகுநேரம் புரட்டினார். மருந்தை மருந்து என்று நினைத்துச் சாப்பிடுவது எந்தப் பக்கத்திலும் விபத்தாக இல்லை. மறுபடி ஐம்பத்தைந்துக்கே வந்தார். அவர் முகம் மலர்ந்தது.

அடுத்த வாரம் டில்லியில் இருந்து ஆய்வுக் குழு வருவதாக இருந்ததால், ஆய்வுக்கூடத்துக்கு ஆள் கிடைத்தார், நாலாவது மாத்திரை ஹார்மோன் வகை என்று தெரிந்தது, நாலில் பெரியது எதுவோ அதன் எண்ணைப் போடுவது என்றும் முடிவாயிற்று. கீழே முற்றத்தில் ஷாமியானா போட்டார்கள். மருத்துவமனையின் முதல் ஐம்பத்தைந்து மேடைக்கு அருகே இருக்க வேண்டும் என்று, பக்தவச்சலத்தை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து முதல் வரிசைக்குப் பக்கத்தில் போட்டார்கள். விழா முடிந்ததும் நேரே மிஷின்தான் என்று சொல்லியிருந்தார்கள். செங்கொடி அவர் நெஞ்சில் கை வைத்தபடி நின்றாள்.

குறியீட்டு டாக்டர் பேசினார்.

"முன்பெல்லாம் இங்கே ஒரு தொழிலாளி எதனால் செத்தான் என்று செத்த பிறகும் தெரியாது. இன்றைக்கு, சாவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது!" கைதட்டல். "நாங்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை என்று குறை சொல்கிறார்கள். பார்த்தால் இரக்கம் வரும். இரக்கம் வந்தால் புள்ளி தவறும்." மீண்டும் கைதட்டல். "மாடியில் ஒரு டயாலிசிஸ் மிஷின் வைத்திருக்கிறோம். வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இன்றுவரை ஒரு பழுது இல்லை. ஏன்? தகுதியில்லாத ஒருவரைக்கூட நாங்கள் அதில் போடவில்லை!"

டில்லி அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். எண் அச்சடித்த காகிதத்தைச் செங்கொடியின் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அவள் படத்துக்கு நிற்காமல் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். லிஃப்ட் ஓடாது என்று சொன்னேன் அல்லவா. ஜீனத்தும் இளம் டாக்டரும் இரண்டு வார்டுபாய்களும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிப் படியேற்றினார்கள். டயாலிசிஸ் அறையில் இருந்தவர் காகிதத்தை வாங்கி எண்ணை ஏற்றினார். கம்ப்யூட்டர் யோசித்தது. இது மனநல எண், இந்த மிஷினுக்குப் பொருந்தாது, குறியீட்டுத் துறையை அணுகவும் என்று எழுத்து வந்தது.

"நான் பொறுப்பு. மிஷினைத் திற," என்று இளம் டாக்டர் கத்தினார்.

"நம்பர் இல்லாம ஸ்டார்ட் ஆவாது சார். அப்படித்தான் செட் பண்ணியிருக்காங்க," என்றார் அவர். அவர் சொன்னது உண்மைதான்.

இளம் டாக்டர் கண்ணாடிக் கதவை நோக்கி ஓடினார். பக்தவச்சலம் மனைவியின் முகத்தைத் தேடினார். "வூட்டுக்கு பூலாம்மே," என்றார். பிறகு விக்கல் நின்றது. இத்தனை நாளில் முதல் முறையாக விக்கல் நின்றதே என்று செங்கொடி ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். அந்த ஒரு கணத்துக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

சாவுக்கும் எண் வேண்டும். அது இல்லாமல் பிணவறையில் இருந்து உடலை வெளியே விட மாட்டார்கள். குறியீட்டு டாக்டர் புத்தகத்தைப் புரட்டினார்.

"ஐம்பத்தைந்தில் மரணம் இல்லை அம்மா. இந்த எண்ணில் யாரும் சாக முடியாது."

"செத்துட்டாரே சார்."

"அப்படியென்றால் வேறு காரணம் இருக்கும். குழு கூடிக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த மாதம்."

பிணவறையின் குளிர்ப்பெட்டி பழுது. குளிரூட்டிய அறை அந்தக் கட்டிடத்தில் ஒன்றுதான். அடுத்த மாதம்வரை உடல் தாங்காது என்று ஜீனத் குறியீட்டு டாக்டரிடம் கெஞ்சினாள். செங்கொடி கெஞ்சவில்லை, தரையில் உட்கார்ந்திருந்தாள். குறியீட்டு டாக்டர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. விதிக்குள் ஒரு வழி இருக்கிறதா என்று உண்மையாகவே தேடினார், கண்டுபிடித்தும்விட்டார்.

"நோயாளி இப்போது மாத்திரை சாப்பிடுகிறாரா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றாள் ஜீனத்.

"ஊழியர்களைத் தேவையில்லாமல் சந்திக்கிறாரா?"

"இல்ல சார்."

"நிறுத்தச் சொன்னால் எதிர்க்கிறாரா?"

ஜீனத் இல்லை என்று தலையாட்டினாள். அவர் மூன்று அடையாளங்களையும் அடித்துவிட்டு, கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார்: பூரண குணமடைந்து வீடு திரும்புகிறார். சாவுச் சீட்டு வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டு போதும்.

மெயின் கேட்டில் வாட்ச்மேன் இன்னாசி சீட்டை வாங்கிப் பார்த்தார். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, தன்பாட்டில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கொணமானவங்கள பட்க்க வெச்சி இட்டுனு போக்கூடாதும்மா. கேமரா கீது. என் வேல பூடும்," என்றார் தலை கவிழ்ந்து. "ஒக்கார வெச்சிக்கோ. நான் புட்ச்சிக்கிறேன்."

இருவருமாகப் பக்தவச்சலத்தை ஆட்டோவில் உட்கார வைத்தார்கள். செங்கொடி தன் தோளை அவருக்கு முட்டுக் கொடுத்து, முந்தானையால் அவர் இடுப்பைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகு அந்தக் கண்ணாடியைத் திருப்பிவிட்டார்.

துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல ரோட்டை அடைத்து நின்றன. ஆட்டோ ஊர்ந்து ஊர்ந்து திருவொற்றியூரில், குழாய் கம்பெனி வாசலுக்கு நேராகவே வந்து நின்றுவிட்டது. ஷிப்ட் விடுகிற நேரம். லோடு ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மேஸ்திரிதான் முதலில் பார்த்தார்.

"டேய், நம்ம பக்தாடா!" என்று கூவிக்கொண்டு ஓடிவந்தார். ஆட்கள் ஆட்டோவைச் சூழ்ந்துகொண்டார்கள். செங்கொடியின் மடியில் இருந்த சீட்டை ஒருவன் எடுத்து உரக்கப் படித்தான். பூரண குணமடைந்து வீடு திரும்புகிறார். எல்லோருக்கும் சிரிப்பும் சத்தமும்.

"நான் சொல்லல? பக்தாவுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு!" என்றார் மேஸ்திரி. "தூங்கட்டும், தூங்கட்டும். எய்ப்பாத. ரெண்டு நாள் ரெஸ்ட் எட்த்துகினு வந்தா போதும்மா. அவனோட எடத்துல யாரையும் போடாம வெச்சிகீறேன்."

செங்கொடி வெகுநாளாக வேறு ஆட்களின் வார்த்தைகளையே பேசிக்கொண்டிருந்தாள். நம்பர், விளைவு, காரணம், தரப்பு. அதெல்லாம் இப்போது அவளை விட்டுப் போய்விட்டது. தோளில் இருந்த தலையைக் கையால் தாங்கிக்கொண்டாள்.

"அவரு செத்துட்டாரு மேஸ்திரி."

மேஸ்திரி சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கொணமாயிட்டாருன்னு எய்திகீதேம்மா. பெரிய டாக்டரு கையெய்த்து போட்டுகீறாரு."

"செத்துட்டாருய்யா!" என்று செங்கொடி நடுரோட்டில் அலறினாள். "அதுக்கு நம்பரு இன்னான்னு எனக்குத் தெரியாது. தொட்டுப் பாருங்கடா, எவனாவது ஒர்த்தன் அவர தொட்டுப் பாருங்கடா!"

மேஸ்திரி கையை நீட்டினார். தொட்டவர் கையை எடுக்கவில்லை. ஒவ்வொருவராகத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்கள். முன்னால் நின்ற லாரிகள் நகர்ந்து வழி திறந்துவிட்டது. பின்னால் கண்டெய்னர் லாரிக்காரர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். ரோட்டைவிட்டு ஓர் ஆளும் நகரவில்லை.